காப்பி வேறு, கணக்கு வேறு

அரையணா விழுகிற சத்தத்துக்குப் பயந்த மனிதன் ராசிபுரத்தில் என்னைத் தவிர இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். காப்பிக் கிளப் வைத்திருப்பவனுக்குக் கல்லாவில் காசு விழுவது சங்கீதம் மாதிரி கேட்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் கேட்டது, அந்த ஒருவருடைய காசைத் தவிர.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. சேலத்துக்குப் போகிற முதல் பஸ் கிளம்பி, அது கிளப்பிவிட்ட புழுதி அடங்கியதும் அவர் வருவார். செருப்பைப் படிக்கு வெளியே ஓரமாக, இரண்டு மூக்கும் தெருவைப் பார்க்கத் திருப்பி விடுவார். மடக்கிய குடையைச் சுவரில் சாய்ப்பார். கல்லாவுக்கு நேரே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பார். பல் தெரியாத சிரிப்பு.

"என்னுங்க சாமி, சௌக்கியமுங்களா?"

"இருக்கறேனுங்க."

"ஊட்டுல எல்லாரும்?"

"நல்லா இருக்கறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. காப்பி வரும். அவசரமில்லாமல் ஆற்றுவார், அவசரமில்லாமல் குடிப்பார். எழுந்து வந்து கல்லாப் பலகையில் அரையணாவை வைப்பார். டங். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த மனிதருக்கு நான் எண்ணூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. வட்டி தனி. கடையை விற்றாலும் அது அடையாது. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டைச் சேர்த்து விற்றாலும் அடையாது. என்னையே விற்றால் என்ன தேறும் என்றுகூட ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். சந்தையில் மேச்சேரி ஆட்டுக்கு இருக்கிற கிராக்கி எனக்கு இல்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். அப்படியிருக்க அவர் தினமும் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, அதற்குச் சுளையாகக் காசும் கொடுத்துவிட்டு, கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனால்? பாம்பு கடித்தால் வைத்தியம் இருக்கிறது. தினம் வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகிற பாம்புக்கு எந்த வைத்தியரிடம் போவது?

அவர் யாரையுமே கேட்டதில்லை. அந்தக் காலத்தில் ராசிபுரத்தில் வட்டிக்கு விட்டவர்கள் பலர் இருந்தார்கள். நடுச்சந்தையில் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடிப்பவர் ஒருவர். வாசலில் நின்றுகொண்டு பெண்டாட்டி பிள்ளை காதில் விழுகிற மாதிரி பரம்பரையையே இழுத்துப் பேசுபவர் ஒருவர். அவர்களிடம் கடன்பட்டவர்கள் தைரியமாக இருந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, அடுத்த சந்தைக்கும் வந்தார்கள். இவரிடம் வாங்கியவர்கள்தான் தூங்கவில்லை.

தெற்குத் தெருவில் ஒரு நெசவுக்காரர் இவருக்குப் பாக்கி வைத்துவிட்டு மாரடைப்பில் போய்விட்டார். இழவு வீட்டுக்கு முதலில் வந்தது இவர்தான். பந்தல் போடுகிறவர்களுக்கு மூங்கில் எடுத்துக் கொடுத்தார். பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். காரியமெல்லாம் முடிகிற வரை தினமும் போய், வாசலில் சித்த நேரம் நின்றுவிட்டு வந்தார். வாயைத் திறக்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அந்த அம்மா தானாகவே கழுத்துச் சரட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அது நல்ல மனசா, நல்ல தந்திரமா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நான் ஏன் கடன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். சோற்றுக்கில்லாமல் வாங்கியிருந்தால் கம்பீரமாகச் சொல்லலாம். எதிர்வரிசையில் புதிதாக ஒரு காப்பிக் கிளப் வந்தது. அவன் சலவைக்கல் மேஜை போட்டான். நான் சலவைக்கல் மேஜையும் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியும் மாட்டினேன். அவனும் கண்ணாடி மாட்டினான். நான் கிராமபோன் வாங்கினேன். குழாய் தாமரைப்பூ மாதிரி விரிந்திருக்கும். பாட்டுக் கேட்கக் கூட்டம் திரண்டது. ஆனால் ஆளுக்கு ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தது. மேஜைக் கடனை அடைக்க ஒரு கடன், அந்தக் கடனின் வட்டிக்கு ஒரு கடன், கிராமபோனின் தவணைக்கு ஒரு கடன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கி அடைத்துவிட்டால் நிம்மதி என்று எனக்கு ஒரு ஞானோதயம் வந்து, இவர் வீட்டுப் படியேறினேன்.

மற்றவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இவர் ஒன்றுதான் கேட்டார்.

"காப்பிக்கொட்டை நீங்களே வறுக்கறீங்களா, தூளா வாங்கறீங்களா?"

"நானே வறுக்கறேனுங்க."

"அப்பச் சரீங்க."

புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டு, கடன் வாங்குகிறவனுக்கு உரிய மரியாதையோடு, "எப்பத் திருப்பித் தரோணுமுங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியுமுங்களே சாமி" என்றார். அந்த நிமிஷத்தில் பிடித்த பயம்தான். மறுநாள் காலையில் காப்பி குடிக்க வந்துவிட்டார். அதுவரை அவர் என் கடைக்கு வந்ததே இல்லை.

அவர் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால்தான் அந்த நிலைக்கண்ணாடி. அதில் அவருடைய முதுகு தெரியும். எழுந்து வாசலுக்குத் திரும்பினால், முதுகு எனக்கு நேராகத் தெரியும், முகம் கண்ணாடியில் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் அவர் எனக்கு இரண்டாகத் தெரிந்தார். கடன் வாங்கி மாட்டிய கண்ணாடி செய்த உபகாரம் அது.

முதலில் அவர் மனசைக் குளிர வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சரக்கு மாஸ்டரிடம் சொல்லி அவருக்கு மட்டும் தண்ணீர் கலக்காத கள்ளிச்சொட்டுப் பாலில் காப்பி போடச் சொன்னேன். ராசிபுரத்து நெய் மணக்க ஒரு தோசை, கேட்காமலே அவர் முன்னால் போய் உட்காரும். அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளி வைப்பார்.

"காசு வேண்டாமுங்க. நம்ம கடை" என்றேன் ஒருநாள், வாயெல்லாம் பல்லாக.

"அதெப்புடீங்க சாமி? காப்பி வேறீங்க, கணக்கு வேறீங்க."

கணக்கு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். காது அடைத்துவிட்டது. பலகையில் டங் என்றது மட்டும் கேட்டது.

பிறகு ஒளிந்து பார்த்தேன். அவர் வரும் நேரத்துக்குச் சரக்கு மாஸ்டரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பாய்லருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

"மொதலாளி இல்லீங்களா?"

"வெளிய போயிருக்கறாருங்க. காசை எங்கிட்டக் குடுங்க."

"பரவால்லீங்க, வரட்டுங்க. அவரு கையில குடுத்தாத்தான் எனக்குத் திருப்தி."

உள்ளங்கையில் அரையணாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய்லர் பக்கம் நான் வெந்துகொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு கரண்டிக் கரியை அள்ளி அடுப்பில் போட வந்து, என்னை மிதித்து, "மொதலாளி, இன்னுஞ் சித்த நேரம் இருந்தீங்கன்னா உங்களையுஞ் சேத்து வறுத்தரலாம்" என்று காதோரம் சொன்னார். கடைசியில் பின்பக்கமாக வெளியேறித் தெருவைச் சுற்றிக்கொண்டு, வெளியூர் போய்த் திரும்பியவன் மாதிரி வாசல் வழியாக உள்ளே வந்தேன். சட்டையெல்லாம் கரி.

"வெயில்ல அலையாதீங்க சாமி. உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். டங்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் ஒருமுறை காய்ச்சலில் படுத்தேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டில் அருகே நின்று, "கஷாயம் குடிச்சாருங்களா? ராத்திரி தூங்கினாருங்களா?" என்று என் வீட்டுக்காரியைக் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, செத்தவனுக்கும் தூங்குகிறவனுக்கும் நடுவில் ஒரு நிலையில் கிடந்தேன். அவர் போனதும் அவள் சொன்னாள்: "ஏனுங்க, எந்திரிச்சுக்குங்க. கண்ணை மூடிட்டா நோட்டுல இருக்கற கையெழுத்து அழிஞ்சிருமாக்கும்?" பிறகு ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, "நீங்க போயிட்டா அந்தக் கழுத்துச் சரடு கதைதான் எனக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உரித்த பழத்தை இருவருமே தின்னவில்லை.

இங்கே என் கரும்பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லாவுக்கு மேலே, பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி அது தொங்கும். கடன் சொல்லிக் காப்பி குடித்தவன் பேரைச் சாக்குக்கட்டியில் அதில் எழுதிவிடுவேன். வெறும் பேர் எழுதினால் அது கணக்கு. பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்தால்தான் வசூலாகும். மீசைக்காரப் போலீஸ்காரர் பேருக்குப் பக்கத்தில் "மீசையைவிடப் பாக்கி பெரிது" என்று எழுதினேன். மறுநாளே அடைத்துவிட்டார். பலகையில் பேர் ஏறிவிட்டால் பஸ் ஏறுகிற கூட்டம் அதை நாலு ஊருக்குக் கொண்டுபோய்விடும். கேட்க எனக்கு நாக்கு வராது, பலகை எனக்காகக் கேட்டது.

அதைத் தினமும் முதலில் படிப்பவர் கடலைக்காய் மண்டித் தரகர். அவர் என் கடையில்தான் குடியிருந்தார் என்று சொல்லலாம். பலகையைப் படித்த பிறகுதான் பத்திரிகையைப் படிப்பார், அதையும் உரக்கப் படிப்பார். காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஆண்டகளூர் வரை போய்விடும். தன் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தையெல்லாம் எனக்குக் கடன் கொடுத்த இவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, ஊரில் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பலர் இவரிடம் கொடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தைத்தான் இவர் மற்றவர்களுக்கு வட்டிக்கு விட்டார். "இருட்டுல குடுத்தாலும் வெளிச்சத்துல திருப்பித் தருவாரு" என்பார் தரகர்.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. விளைச்சலுக்கு விலையில்லாத காலம். குடியானவர்கள் எல்லாரும் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். அப்போதுதான் ஒருநாள் காலையில் தரகர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கேளுங்கப்பா! சட்டம் வந்துருச்சு. பழைய கடனுக்கு வட்டி தள்ளுபடியாமா!"

நான் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டேன். "யாருக்குங்க? யாருக்கு?"

"குடியானவனுக்கு மட்டுந்தான். நெலம் இருக்கோணும்."

நான் உட்கார்ந்தேன். தரகர் பத்திரிகையை மடித்தார். "உங்களுக்கு என்னுங்க, ஒரு துண்டு நெலம் வாங்குனா நீங்களுங் குடியானவருதான்" என்றார். மலையோரக் கரட்டடியில் ஒரு துண்டு இருப்பதாகவும், பணத்தை மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். கடனிலிருந்து தப்பிக்கக் கடனுக்கு நிலம் வாங்கினேன். ஒரு முழம் தோண்டினால் பாறை, இரண்டு முழம் தோண்டினால் அதே பாறை. ஆமணக்கு ஊன்றினேன். தலையில் உருமால் கட்டிக்கொண்டு, தோளில் மண்வெட்டி வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க மேற்கே ஒருதரம் கிழக்கே ஒருதரம் நடந்தேன். மாஸ்டர் சட்னிக்கு மிளகாய் கேட்டால்கூட மழை எப்படி என்று பதில் சொன்னேன்.

நிலம் சட்டம் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதைத் தரகர் அதற்கப்புறம்தான் படித்தார். அதையும் உரக்கத்தான் படித்தார். அப்போது எதிர்ப் பெஞ்சில் கடன் கொடுத்த இவரும் உட்கார்ந்திருந்தார். உருமாலோடு நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

இவர் காப்பியைக் குடித்து முடித்து எழுந்து வந்தார். "ஆமணக்கு நல்லா வருதுங்களா சாமி?" என்றார்.

கேலி இல்லை. முகத்தில் துளிகூட இல்லை. அதுதான் என் பயம். டங்.

சட்டம் என்னைக் கைவிட்டாலும் ஊரைக் கைவிடவில்லை. குடியானவர்கள் ஒவ்வொருவராகப் போய் வட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அசலைத் தாண்டி வட்டியே கொடுத்தாகிவிட்டது என்று சிலருக்கு அசலும் சுருங்கியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் இவர் செருப்பைக் கவனித்தேன். வார் அறுந்து நூலால் கட்டியிருந்தது. குடைத் துணியில் வெளிச்சம் தெரிந்தது. இவரும் வட்டிக்கு வாங்கி வட்டிக்கு விட்டவர்தானே. வருகிற வட்டி நின்றுபோனால், கொடுத்து வைத்தவர்களுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? சட்டம் காப்பாற்றாமல் அவர் கையில் மிஞ்சியிருக்கிற ஒரே கடனாளி யார் என்று யோசித்தேன். நிலைக்கண்ணாடியில் ஓர் உருமால் தெரிந்தது. அவிழ்த்து எறிந்தேன்.

இன்று கேட்பார், இன்று கேட்பார் என்று ஒவ்வொரு காலையும் விடிந்தது. அவர் குனிந்தால் நோட்டை எடுக்கிறார் என்று நினைப்பேன், இருமுவார். தொண்டையைக் கனைத்தால் இதோ என்று கண்ணை மூடுவேன், "சக்கரை கொஞ்சம் தூக்கலுங்க" என்பார்.

மாசி கழிந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலை. காப்பி குடித்தார். எழுந்து வந்தார். வழக்கமாக அரையணா வைக்கிற இடத்தில் கையை வைத்தார். கை விரிந்தே இருந்தது. அதில் ஒன்றுமில்லை. பலகைமேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"சாமி, எழுதிக்கோங்க."

அந்த ஒரு சொல்லை ஊரில் எல்லாரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் குமாஸ்தா சொல்லியிருக்கிறார், கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்று சாக்குக்கட்டி விரலிலேயே பொடிந்துவிட்டது. தலைக்கு மேலே கரும்பலகை. பக்கத்து பெஞ்சில் தரகர், பத்திரிகையைப் பக்கம் திருப்புகிறார். தலை நிமிர்ந்தால் கரும்பலகையைப் பார்ப்பார். அதில் இவர் பேரைப் பார்த்தால்? அரையணாவுக்குக் கடன் சொல்கிறவரிடமா என் மகள் கல்யாணப் பணம் இருக்கிறது என்று அலறுவார். பொழுது சாய்வதற்குள் ஊரே இவர் வாசலில் நிற்கும். இவருக்குப் போக்கிடம் இருக்காது. அப்போது நேராக என்னிடம் வந்து, வாயைத் திறந்து, கேட்பார்.

புண்ணியம், பெருந்தன்மை என்றெல்லாம் யாராவது நினைத்தால் அவர்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. அது சுத்தமான பயம். கல்லாவுக்குள் கையை விட்டு, என் காசிலேயே ஓர் அரையணாவை எடுத்து, கல்லாப் பலகையில் ஓங்கி வைத்தேன். டங்.

"சரியா இருக்குதுங்க. நாளைக்கு வாங்க" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார். "வாரேனுங்க" சொல்ல மறந்துவிட்டார்.

அன்று முதல் அது நடைமுறையாகிவிட்டது. அவர் வெறுங்கையைப் பலகையில் வைப்பார், நான் சத்தம் கொடுப்பேன். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவருக்குத் தினமும் காப்பி வாங்கிக் கொடுக்கும் விந்தை உலகத்தில் வேறெங்காவது நடந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

ஒருநாள் பால்காரருக்குச் சில்லறையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டேன். கல்லாவில் ஒரு காசு இல்லை. இவர் காப்பியைக் குடித்து எழுந்துவிட்டார். கை பலகைக்கு வந்துவிட்டது. எனக்கு எதிரே இருந்தது கிராமபோன் ஊசிகள் வைக்கிற தகர டப்பி. அதன் மூடியை எடுத்துப் போட்டேன். டொக் என்றது.

தரகர் பத்திரிகையை இறக்கினார். "என்னுங்க அது, சத்தம் ஒரு தினுசா இருக்குது? செல்லாக் காசுங்களா?"

மாஸ்டர் உள்ளே ஆற்றிக்கொண்டிருந்த காப்பி நின்றது. என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. பயம் வந்தால் அது தானாக ஓடும்.

"அவரு காசு செல்லாதுன்னு சொல்றீங்களா? தோ, வாசல்லதான் நிக்கறாரு. நீங்களே கூப்புட்டுச் சொல்லுங்க. எனக்கெதுக்குங்க வம்பு?"

"அட, நான் சும்மா கேட்டனுங்க!" தரகர் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். அசையவில்லை. எனக்கு முதுகுதான் தெரிந்தது. சுவரில் இருந்த கண்ணாடியில் முகம் தெரிந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில், அவர் வருவதற்கு முன்னால் தலை வாரும்போது, அதே கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

அதற்குப் பின் அவரைப் பார்த்து நான் பயப்பட்டது குறைந்தது என்று சொல்ல முடியாது. இருவருக்குமாகச் சேர்த்துப் பயப்பட்டேன்.

அவர் தோட்டத்தை விற்றார். வீட்டையும் விற்றார். விற்பதைக்கூட யாருக்கும் தெரியாமல், மகள் ஊரில் நிலம் வாங்கப் போகிறார் என்று நாலு பேர் பேசும்படியாக விற்றார். கொடுத்து வைத்தவர்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராகப் போய், அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்தார். வைகாசியில் தரகர் மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் இவருக்குத் தலைவாழை இலை. "ரொக்கமான மனுசன்!" என்று தரகர் சொந்தபந்த ஒறம்பரைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயசத்தில் புரையேறி இருமினேன்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, என் கடை வாசலில் மாட்டு வண்டி நின்றது. அதில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கையும். வாழப்பாடியில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். செருப்பை ஓரமாக விட்டு, குடையைச் சாய்த்து, கடைசி முறையாகக் காப்பி குடித்தார். தரகர் அன்று மண்டிக்குப் போயிருந்தார். இவர் எழுந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றார். இடுப்பு மடிப்பை அவிழ்த்தார். நோட்டு, என்று நினைத்தேன்.

"எவ்வளவு ஆச்சுங்க?" என்றார்.

அவர் கேட்டே விட்டார். அவர் எனக்குத் தர வேண்டியதைக் கேட்டார்.

"எழுதலீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பேராகப் படித்தார். "எழுதலீன்னா? நாங் குடிச்சது குடிச்சதுதானுங்களே."

என் வாய் மறுபடியும் தானாக ஓடியது. "நான் உங்களுக்குத் தர வேண்டியதுல கழிச்சுக்கலாமுங்க. இன்னும் ஒரு நூறு வருசம் தெனமும் வந்து குடிச்சீங்கன்னா ரெண்டும் நேராயிரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அத்தனை வருஷம் அவரும் சொல்லாத, நானும் சொல்லாத விஷயத்தை நானே எடுத்துப் பலகையில் வைத்துவிட்டேன்.

அவர் சிரித்தார். முதல்முறையாகப் பல் தெரிந்தது; கீழ்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சில்லறையை எண்ணி அடுக்கி வைத்தார். அவரே மனசில் வைத்திருந்திருக்கிறார், ஒரு காப்பிகூட விட்டுப்போகவில்லை.

"காப்பி வேறீங்க சாமி. கணக்கு வேறீங்க."

குடையை எடுத்தார். படியில் நின்று செருப்பில் கால் நுழைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"நோட்டை மாப்ளெகிட்டக் குடுத்துட்டேனுங்க. வருவாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு கேக்கற ஆளுங்க. வெசனப்படாதீங்க."

வண்டி போய்விட்டது.

மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை, காப்பி குடிக்கவில்லை. நடுத்தெருவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சேலம் பஸ்ஸில் ஏறியிருந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்:

"ஏனுங்க காப்பிக்கடைக்காரரே! நோட்டு எங்கிட்டக் கெடக்குது, பணம் எங்கீங்க?"

அந்தக் கேள்வி விழுந்தால் அங்கேயே செத்துப்போவேன் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தேன். விழுந்தது, சாகவில்லை. கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் என்று ஒன்று சொல்லலாம் அல்லவா? "மாசா மாசம் தாரேனுங்க" என்றேன். மாதாமாதம் வந்தார், மாதாமாதம் கத்தினார். கிராமபோன் முதலில் போயிற்று. சலவைக்கல் மேஜை போயிற்று. ஆமணக்குக் காடு போயிற்று, அதை வாங்கியவர் பாவம். வீட்டுக்காரியின் வளையல் போயிற்று. பின்கட்டு வீடும் போய் வாடகைக்குக் குடி வந்தோம். அவள் கழுத்துச் சரடு மட்டும் போகவில்லை. நிலைக்கண்ணாடியை விலை பேச வந்தபோது கொடுக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கடைசித் தவணை கட்டிய அன்று நோட்டைத் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளை, மாமனார் போன தை மாதமே தவறிவிட்டார் என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார். அவர் குரலே அப்படித்தான் போல.

கரும்பலகை இன்னும் தொங்குகிறது. என்னிடம் கடன் சொல்லிக் காப்பி குடித்தவர்களில் பேர் ஏறாதவர் ஒருவர்தான். தரகர் இருந்த வரை ஊரெல்லாம் பரப்பிவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது, இந்தக் கதையில் ஒரு வரியைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் தரகரும் போய்ச் சேர்ந்தார். அதனால் இப்போது சொல்லிவிட்டேன்.

கடன் கொடுத்தவர் பேரை மட்டும் இங்கேயும் எழுதலீங்க. மாப்பிள்ளை வாழப்பாடியில் சௌக்கியமாக இருக்கிறார். அவர் கேட்கிற ஆள்.